பனிப்பாதையில் தொடர்வண்டி

நுழையும்முன்

மார்கழி மாத விடியற்காலையில் வடமாலபேட்டையின் வயல்வெளிகளில் புல்நுனிதோறும் பனித்துளி நிற்கும். கதிரவன் சற்று மேலே ஏறியதும் அது மறைந்துவிடும். தமிழில் இதனையும் 'பனி' என்கிறோம். இமயமலைச் சரிவுகளில் முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடப்பதனையும் 'பனி' என்கிறோம். முன்னது எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பின்னது ஓர் ஊரையே பிற ஊர்களிலிருந்து துண்டித்துவிடும் ஆற்றல் உடையது. அத்தகைய பனியின் ஊடே தொடர்வண்டி எவ்வாறு செல்கிறது? அதற்காக உழைப்பவர் யாவர்? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஒரே எஃகு, இரு வேறு துன்பங்கள்

திருப்பதிக்கும் சென்னைக்கும் இடையே செல்லும் இருப்புப்பாதை ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. ரேணிகுண்டாவிற்கும் புத்தூருக்கும் நடுவே அமைந்த ஊர் வடமாலபேட்டை. இங்குள்ள தண்டவாளத்திற்குப் பகை வெயிலே. சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகல் வேளையில் தண்டவாளத்தின் வெப்பம் காற்றின் வெப்பத்தைவிடப் பல பாகைகள் கூடி, 60 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. வெறுங்காலால் அதனை மிதிக்க இயலாது.

வெப்பத்தால் எஃகு நீளும், குளிரால் சுருங்கும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம் எவற்றாலும் பிணைக்கப்படாமல் கிடப்பதாகக் கொள்வோம். அதன் வெப்பம் 60 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கீழே 10 பாகைக்கு இறங்கினால், அது ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் சுருங்கிவிடும். ஆனால் பாதையிலுள்ள தண்டவாளம் தன் விருப்பப்படி நீளவோ சுருங்கவோ முடியாது. குறுக்குக்கட்டைகளும் அவற்றை இறுகப் பற்றிய கவ்விகளும் சுற்றிலும் கொட்டப்பட்ட சரளைக்கற்களும் அதனைப் பிடித்துக்கொள்கின்றன. எனவே நீள முடியாத தண்டவாளம் கோடையில் உள்ளுக்குள் நெருக்குண்கிறது. நெருக்கம் மிகுந்தால் பாம்பு போல் நெளிந்துவிடும். சுருங்க முடியாத தண்டவாளம் குளிர்காலத்தில் இருபுறமும் இழுபடுகிறது. பற்றவைத்த இடத்தில் சிறு குறை இருந்தாலும் அங்கே விரிசல் கண்டு முறிந்துவிடும்.

முற்காலத்தில் இரு தண்டவாளங்களுக்கு இடையே சிறு இடைவெளி விட்டுப் பாதை அமைத்தனர். பழைய தொடர்வண்டிகளின் 'தடதட' ஓசை அந்த இடைவெளிகளில் சக்கரம் ஏறி இறங்கியதால் எழுந்ததே ஆகும். இன்று தண்டவாளங்களைப் பற்றவைத்து நெடுந்தொலைவுக்கு ஒன்றாக்கிவிடுகின்றனர். பயணம் இனிதாயிற்று, ஆனால் வெயிலையும் குளிரையும் கண்காணிக்கும் பொறுப்பு மிகுந்தது.

பனி செய்யும் இடையூறுகள்

திருப்பதியில் நின்று செல்லும் நெடுந்தொலைவு வண்டிகளுள் ஒன்று ஹிமசாகர் விரைவு வண்டி. கன்னியாகுமரியில் புறப்படும் அது சம்மு பகுதியிலுள்ள கட்ரா வரை செல்கிறது. 'ஹிம' என்பது பனி. 'சாகர்' என்பது கடல். கடற்கரையில் தொடங்கிப் பனிமலை அடிவாரத்தில் முடியும் வண்டிக்கு இப்பெயர் பொருத்தமானதே. கட்ராவிற்கு வடக்கே, காசுமீரப் பள்ளத்தாக்கை நோக்கிச் செல்லும் பாதையில்தான் பனியின் உண்மையான வலிமை தெரியத் தொடங்குகிறது.

காசுமீரத்தில் திசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள்கள் கடுங்குளிர்க் காலமாகும். அம்மக்கள் அதனைச் 'சில்லை கலான்' என்று அழைக்கின்றனர். தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் மார்கழியும் தையும் சேர்ந்த முன்பனிக் காலம் ஏறத்தாழ இதே வேளையில் வருகிறது. இக்காலத்தில் பெய்யும் பனி தொடர்வண்டிக்கு நான்கு வகையில் இடையூறு செய்கிறது.

முதலாவது, பாதையை மூடுதல். புதிதாகப் பெய்த பனி பஞ்சு போன்று மென்மையானது. சிறிதளவு பனியை வண்டி எளிதில் தள்ளிச் சென்றுவிடும். ஆனால் காற்று அதனைப் பள்ளங்களில் கொண்டுபோய்க் குவிக்கும்போதும், பகலில் சற்று உருகி இரவில் மீண்டும் உறையும்போதும் அது கல் போல் இறுகிவிடுகிறது. இறுகிய பனிக்கட்டியின் மீது சக்கரம் ஏறினால் வண்டி தடம் புரளக்கூடும்.

இரண்டாவது, வண்டி தடம் மாறும் இடத்தை அடைத்தல். ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்கு வண்டியைத் திருப்பும் அமைப்பை இரயில்வேயில் 'பாயிண்ட்' என்பர். கூர்மையான நாக்கு போன்ற ஒரு தண்டவாளம் அங்கே நகர்ந்து, அருகிலுள்ள நிலையான தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பனிக்கட்டித் துண்டு சிக்கிக்கொண்டால் அவை முழுமையாக ஒட்டா. பாயிண்ட் சரியாகப் பொருந்தாதவரை சிக்னல் பச்சையாக மாறாதபடி இரண்டும் பிணைக்கப்பட்டுள்ளன. ஆகையால் விரல் அளவு பனிக்கட்டி பல நூறு பயணிகளை நடுவழியில் நிறுத்திவிடும். பனி நாடுகளில் தொடர்வண்டிகள் காலந்தாழ்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

மூன்றாவது, மின்கம்பியைப் போர்த்துதல். மின்தொடர்வண்டி தன் கூரைமீதுள்ள கையை உயர்த்தி மேலே செல்லும் கம்பியைத் தொட்டு மின்சாரம் பெறுகிறது. கம்பியின்மீது பனிக்கட்டி படிந்தால் தொடர்பு விட்டுவிட்டு அமைகிறது, தீப்பொறி பறக்கிறது. பனியின் சுமையால் மரக்கிளைகள் முறிந்து கம்பியின்மேல் விழுவதும் உண்டு.

நான்காவது, வண்டியையே முடக்குதல். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. அதனால் குழாய்களில் தேங்கிய நீர் உறைந்தால் குழாய் வெடிக்கிறது. அழுத்தக் காற்றால் இயங்கும் தடையில் ஈரம் புகுந்து உறைந்தால், ஓட்டுநர் நிறுத்த விரும்பும் இடத்தில் வண்டி நிற்காது. இவ்விடையூறுகளுள் மிகக் கொடியது இதுவே.

கலப்பையும் வெம்மையும்

பனியை அகற்றும் கருவிகளுள் மிகப் பழையது பனிக்கலப்பை. உழவர் ஓட்டும் கலப்பையின் கொழு மண்ணைப் பிளந்து இருபுறமும் ஒதுக்குவது போல, எஞ்சினின் முன்னே பொருத்தப்பட்ட ஆப்பு வடிவ எஃகுத் தகடு பனியைப் பிளந்து ஒதுக்குகிறது. பனி மிகவும் ஆழமாயின் அதனை ஒதுக்க இடம் இராது. அங்கே சுழலும் அலகுகளைக் கொண்ட மற்றொரு வகைக் கலப்பை பயன்படுகிறது. அது பனியை அரைத்து உறிஞ்சிப் பாதைக்கு அப்பால் தொலைவில் வீசுகிறது. காசுமீரப் பாதையில் குளிர்காலத்தில் பயணிகள் வண்டிகளுக்கு முன்னதாகப் பனி அகற்றும் வண்டியை ஓட்டிப் பாதையைத் தூய்மை செய்கின்றனர்.

பாயிண்டுகளுக்குக் கலப்பை உதவாது. அங்கே வெம்மை வேண்டும். பனி நாடுகளில் தண்டவாளத்தின் ஓரமாக மின்சூடேற்றிகளைப் பொருத்துகின்றனர். சில இடங்களில் எரிவாயுச் சுடரையும் வெந்நீரையும் பயன்படுத்துகின்றனர். எக்கருவியும் இல்லாத இடத்தில் மனிதர் துடைப்பமும் மண்வாரியும் கொண்டு பனியை அகற்றுகின்றனர். பல நாடுகளில் இன்றும் இக்காட்சியைக் காணலாம்.

சக்கரம் வழுக்காமல் இருக்க மணல் உதவுகிறது. தொடர்வண்டி எஞ்சினில் மணல் நிரப்பிய பெட்டிகள் உண்டு. தண்டவாளம் ஈரமாகவோ பனி படிந்தோ இருக்கும்போது ஓட்டுநர் சக்கரத்தின் முன்னே மணலைத் தூவச் செய்கிறார். இந்த ஏற்பாடு பனி நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மழைக்காலத்தில் நம் பகுதியில் ஓடும் எஞ்சின்களுக்கும் இது துணைபுரிகிறது.

மலைக்குள் ஒரு வழி

பனியோடு போராடுவதைவிடப் பனி விழாத இடத்தில் பாதை அமைப்பது சிறந்தது. காசுமீரப் பாதையை அமைத்த பொறியாளர்கள் இவ்வழியையே தேர்ந்தனர். காசுமீரப் பள்ளத்தாக்குக்குத் தெற்கே பீர் பஞ்சால் மலைத்தொடர் மதில் போல் நிற்கிறது. அதனைக் கடக்கச் சாலைவழியில் சவகர் சுரங்கம் இருந்தது. அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அங்கே பனி கடுமையாகப் பெய்யும். தொடர்வண்டிக்கான சுரங்கத்தை அதனினும் ஏறத்தாழ 440 மீட்டர் தாழ்வாக அமைத்தனர். 11.2 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சுரங்கம், பனிகால் ஊரையும் காசிகுண்டு ஊரையும் இணைக்கிறது. 2013ஆம் ஆண்டு சூன் 26 அன்று அப்பாதை திறக்கப்பட்டது. சாலையில் 35 கிலோமீட்டராக இருந்த தொலைவு இதனால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இப்பாதை முழுவதும் படிப்படியாகவே நிறைவேறியது. 2008ஆம் ஆண்டில் பள்ளத்தாக்கின் உள்ளே முதல் தொடர்வண்டி ஓடியது. 2022ஆம் ஆண்டில் பனிகால் முதல் பாரமுல்லா வரை மின்மயமாயிற்று. 2025ஆம் ஆண்டு சூன் 6 அன்று செனாப் ஆற்றுப் பாலம் திறக்கப்பட்டது. நாட்டின் பிற பகுதிகளோடு பள்ளத்தாக்கு இருப்புப்பாதையால் இணைந்தது. 1,315 மீட்டர் நீளமுள்ள அப்பாலம் ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. உறைநிலைக்குக் கீழே 10 பாகைக் குளிரையும் 40 பாகை வெப்பத்தையும் தாங்கும் வகையில் அதன் எஃகு தேர்ந்தெடுக்கப்பட்டது. உதம்பூர் முதல் பாரமுல்லா வரையிலான 272 கிலோமீட்டர் பாதையில் 36 சுரங்கங்கள் உள்ளன. அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர். மலைக்குள் செல்லும் அத்தொலைவில் பனிப்பொழிவும் பனிச்சரிவும் வண்டியைத் தீண்டுவதில்லை.

இத்துணை உழைப்பும் பொருளும் எதற்காக? குளிர்காலத்தில் பனியும் மண்சரிவும் சம்மு - சிறீநகர் நெடுஞ்சாலையை அடிக்கடி மூடிவிடுகின்றன. அப்போது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நோயாளியும், தேர்வெழுதச் செல்லும் மாணவரும், விடுப்பில் ஊர் திரும்பும் படைவீரரும் வழியில் தங்கிவிடுகின்றனர். அப்படைவீரர்களுள் தமிழகத்தையும் ஆந்திரத்தையும் சேர்ந்தோரும் பலர். 2025ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மண்சரிவால் நெடுஞ்சாலை நெடுநாள் தடைப்பட்டபோது, ஆப்பிள் ஏற்றிய சரக்குந்துகள் வழியிலேயே நின்றன. பழங்கள் அழுகத் தொடங்கின. அவ்வாண்டு செப்டம்பரில் பட்காம் நிலையத்திலிருந்து தில்லிக்கு ஆப்பிள் ஏற்றிய சிறப்பு வண்டிகள் இயக்கப்பட்டன. ஓராண்டு முழுவதும் மரங்களைப் பேணிய உழவருக்கு அந்த வண்டி வெறும் வண்டியன்று. அதுவே அவர்தம் வாழ்வு.

பெரம்பூரில் உருவான வண்டி

காசுமீரப் பனியில் ஓடும் வண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. சென்னைப் பெரம்பூரில் 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையே, காசுமீரப் பள்ளத்தாக்கில் ஓடுவதற்கான டீசல் தொடர்வண்டிகளை உருவாக்கியது. பனியையே காணாத ஊரின் தொழிலாளர்கள் பனிக்கேற்ற வண்டியைச் செய்தனர். பெட்டிகளுக்குள் வெப்பமூட்டும் அமைப்பையும், வண்டியின் முகப்பில் பனியை வெட்டி ஒதுக்கும் தடுப்பையும் அவர்கள் பொருத்தினர்.

வந்தே பாரத் வகை வண்டி முதன்முதலில் 2018ஆம் ஆண்டில் உருவானதும் பெரம்பூரிலேதான். இன்று கட்ராவிற்கும் சிறீநகருக்கும் இடையே ஓடும் வந்தே பாரத் வண்டிகளில் பனிக்கெனச் சில தனி ஏற்பாடுகள் உள்ளன. ஓட்டுநரின் முன்கண்ணாடிக்குள் சூடேற்றும் இழைகள் பதிக்கப்பட்டுள்ளன. எனவே கண்ணாடியில் பனி படியாது. நீர்த்தொட்டிகளும் குழாய்களும் உறையாதபடி சூடேற்றப்படுகின்றன. தடைக்குச் செல்லும் காற்றிலுள்ள ஈரம் முன்னரே நீக்கப்படுகிறது. பனி வண்டியை முடக்கும் நான்காவது இடையூறுக்கு அவ்வண்டியில் விடை இருப்பதைக் காண்க.

பிற நாடுகளில்

சப்பான் நாட்டில் 1964ஆம் ஆண்டில் தொடங்கிய டோக்கைடோ சின்கான்சென் அதிவேக வண்டி, செகிகஹரா என்னும் பகுதியில் பனியால் இடருற்றது. வேகத்தால் மேலெழும் பனித்தூள் வண்டியின் அடியில் ஒட்டிக் கட்டியாகும். பின்பு அது விழும்போது சரளைக்கற்கள் தெறித்து வண்டியைத் தாக்கும். எனவே பாதையின் ஓரத்தில் நீர் தெளிப்பான்களை அமைத்துப் பனியை நனைத்தனர். நனைந்த பனி பறப்பதில்லை. 1982ஆம் ஆண்டில் தொடங்கிய சோயெட்சு சின்கான்சென் பாதையில் பனிப்பொழிவு மிகுதி. அங்கே வெதுவெதுப்பான நீரைத் தெளித்துப் பனியை முழுவதும் உருக்கிவிடுகின்றனர்.

நார்வே நாட்டில் ஒசுலோ நகரையும் பெர்கன் நகரையும் இணைக்கும் பாதை 1909ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதிலுள்ள பின்சே நிலையம் 1,222 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று பனியைக் குவிக்கும் இடங்களில் பாதையின்மீது கூரை அமைத்தும், பாதையோரம் வேலி கட்டியும் பனியைத் தடுக்கின்றனர். ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பலர் அந்நாட்டில் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பனியைக் கண்டும் வெயிலைக் கேட்டும் வளர்கின்றனர்; வடமாலபேட்டைப் பிள்ளைகளோ வெயிலைக் கண்டும் பனியைக் கேட்டும் வளர்கின்றனர்.

வண்டிக்கு முன் நடப்பவர்

கருவிகள் எத்தனை இருப்பினும் பாதையைக் காப்பவர் மனிதரே. இந்திய இரயில்வேயில் தண்டவாளத்தின் நெடுகிலும் நடந்து அதனைச் சோதிக்கும் தொழிலாளர்கள் உள்ளனர். கோடையில் நெளிவு உண்டா என்று பார்க்க நண்பகலில் நடக்கின்றனர். மழைக்காலத்தில் அரிப்பு உண்டா என்று பார்க்க இரவில் நடக்கின்றனர். குளிர்காலத்தில் முறிவு உண்டா என்று பார்க்க, குளிர் மிகுந்த பின்னிரவிலும் விடியலிலும் நடக்கின்றனர். உலகம் உறங்கும் வேளையே அவர்தம் பணிவேளை.

தண்டவாளம் முறிந்திருப்பதைக் கண்டால் அவர் கூச்சலிட்டுப் பயனில்லை. விரைந்து வரும் வண்டி நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தேவை. ஆகவே அவர் செந்நிறக் கொடியையோ விளக்கையோ காட்டியபடி வண்டி வரும் திசையில் விரைகிறார். முறிவிலிருந்து 600 மீட்டர் தொலைவில் ஒன்றும், 1,200 மீட்டர் தொலைவில் மூன்றுமாகத் தண்டவாளத்தின்மீது ஒலிவெடிகளை வைக்கிறார். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். வண்டிக்குள் உறங்குவோர், வண்டி ஏன் நின்றது என்று முணுமுணுப்பர். தம்மைக் காத்தவர் இருளில் நிற்பதை அவர்கள் அறிவதில்லை.

வடமாலபேட்டையின் வெயிலில் நடப்பவரும் பனிகாலின் பனியில் நடப்பவரும் ஒரே பணியையே செய்கின்றனர். பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்குப் பொங்கலுக்கும் திருவிழாவிற்கும் ஊர் செல்ல வழி அந்த இருப்புப்பாதையே. அடுத்த முறை வண்டியில் செல்லும்போது, பாதையோரம் கருவிப்பையுடன் ஒதுங்கி நிற்கும் அவரைக் காணின், கையசைத்து நன்றி கூறுதல் நன்று.

சொல்லும் பொருளும்

இருப்புப்பாதை – தண்டவாளப் பாதை
உறைநிலை – நீர் பனிக்கட்டியாகும் வெப்பநிலை
கொழு – கலப்பையில் மண்ணைப் பிளக்கும் இரும்பு
சரளைக்கல் – பாதையில் பரப்பப்படும் உடைகல்
பருமன் – ஒரு பொருள் அடைக்கும் இடத்தின் அளவு
பின்னிரவு – நள்ளிரவுக்குப் பிற்பட்ட பொழுது
மதில் – கோட்டைச் சுவர்

தெரிந்து தெளிவோம்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர்.
கார் – ஆவணி, புரட்டாசி
குளிர் – ஐப்பசி, கார்த்திகை
முன்பனி – மார்கழி, தை
பின்பனி – மாசி, பங்குனி
இளவேனில் – சித்திரை, வைகாசி
முதுவேனில் – ஆனி, ஆடி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. பீர் பஞ்சால் தொடர்வண்டிச் சுரங்கத்தின் நீளம்
(அ) 1.3 கி.மீ. (ஆ) 11.2 கி.மீ. (இ) 119 கி.மீ. (ஈ) 272 கி.மீ.
2. தண்டவாளம் முறியும் அச்சம் மிகுந்த பொழுது
(அ) கோடை நண்பகல் (ஆ) கார்கால மாலை (இ) குளிர்காலப் பின்னிரவு (ஈ) இளவேனில் காலை

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. நீர் உறையும்போது அதன் பருமன் __________.
2. சக்கரம் வழுக்காமல் இருக்க எஞ்சினிலிருந்து __________ தூவப்படுகிறது.
3. மார்கழியும் தையும் சேர்ந்த பெரும்பொழுது __________.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பழைய தொடர்வண்டிகளில் 'தடதட' ஓசை எழுந்தது ஏன்?
2. விரல் அளவு பனிக்கட்டி வண்டியை எவ்வாறு நிறுத்திவிடுகிறது?
3. சப்பான் நாட்டில் பனியின்மீது நீர் தெளிப்பது எதற்காக?

ஈ. விரிவாக விடை எழுதுக.
1. பனி செய்யும் நான்கு இடையூறுகளையும், பனி வண்டியை முடக்காதபடி வந்தே பாரத் வண்டியில் உள்ள ஏற்பாடுகளையும் எழுதுக.
2. 'பனியோடு போராடுவதைவிடப் பனி விழாத இடத்தில் பாதை அமைப்பது சிறந்தது' – இக்கருத்தைப் பீர் பஞ்சால் சுரங்கம் கொண்டு விளக்குக.

உ. மொழித்திறன்
1. 'பனி' என்னும் சொல்லை முதலிலோ இறுதியிலோ கொண்ட ஐந்து சொற்களை எழுதுக. (எ.கா. பனித்துளி, முன்பனி)
2. பிரித்து எழுதுக: பனிக்கட்டி, இருப்புப்பாதை, பின்னிரவு, செந்நிறம்.

ஊ. செயல்திட்டம்
உங்கள் குடும்பத்தினர் சொந்த ஊரிலிருந்து முதன்முதலில் எந்தப் பாதையில், எந்த வண்டியில் வந்தனர் என்பதை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக. வழியிலுள்ள நிலையங்களைக் குறித்து ஒரு வரைபடமும் வரைக.